பாராட்டும்போது 'எஸ்' வேண்டுமா, வேண்டாமா? ஆங்கில வாழ்த்துச் சொற்களில் ஒருமையும் பன்மையும்: ஓர் ஒப்பீடு

அலுவலகக் குழுவில் ஒருவருக்குப் பதவி உயர்வு வந்த செய்தி. 'கங்கிராஜுலேஷன்' வரைக்கும் தட்டிவிட்டு விரல் நிற்கிறது. ஒருவர்தானே, 'எஸ்' எதற்கு? மறுநாள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு வேலையை முடித்திருக்கிறார்கள். 'குட் ஜாப்' என்றால் ஒருவரை மட்டும் பாராட்டியது போலாகிவிடுமே என்று 'குட் ஜாப்ஸ்' போகிறது. இரண்டும் பிழை. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: பாராட்டு பெறுகிறவர்களின் தலையை எண்ணி, அதற்கேற்ப 'எஸ்' சேர்ப்பது அல்லது விடுவது.

ஆங்கிலப் பாராட்டுச் சொற்களில் பெரும்பாலானவற்றுக்கு, எதிரே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது ஒரு பொருட்டே இல்லை. ஒருமையா பன்மையா என்பது அந்தச் சொல்லிலேயே முடிவாகிவிட்டது. ஆட்களை எண்ண வேண்டிய இடம் ஒன்றே ஒன்று உண்டு. நம்மில் பலர் எண்ணாமல் விட்டுவிடுவது அந்த இடத்தைத்தான்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இந்தச் சறுக்கல் இயல்பானது. நம் மொழியில் அஃறிணைப் பெயருக்குக் 'கள்' கட்டாயமில்லை. 'பத்து மாடு', 'மூன்று மரம்' என்றால் யாரும் திருத்த மாட்டார்கள். 'மாடு வந்தது', 'மாடு வந்தன' என்று வினையைப் பார்த்தே எண்ணிக்கையைத் தெரிந்துகொள்கிறோம். இலக்கணம் இதைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்கிறது. ஒருவருக்கே 'என் வாழ்த்து' என்றும் சொல்லலாம், 'என் வாழ்த்துகள்' என்றும் சொல்லலாம். அந்தத் தளர்வு ஆங்கில 'எஸ்'ஸுக்கும் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். அங்கே அது இல்லை.

## எதை வைத்து முடிவு செய்வது

ஒரு சொல்லை எழுதுமுன் பார்க்க வேண்டியவை நான்கு.

1. அந்தச் சொல் எதைக் குறிக்கிறது? வாழ்த்தையா, செய்த வேலையையா, ஆளையா, பாராட்டுகிறவரின் தொப்பி, கை, கட்டைவிரல் போன்ற ஒன்றையா?
2. 'எஸ்' சேர்த்தால் அல்லது நீக்கினால் பொருள் மாறுமா?
3. வாக்கியமாக நீட்டினால் வினை 'இஸ்' ஆகுமா, 'ஆர்' ஆகுமா?
4. எங்கே போகப்போகிறது? கைபேசிச் செய்தியா, மேடைப் பேச்சா, சட்டம் போட்டு மாட்டப்போகும் சான்றிதழா?

நான்கில் முதலாவதுதான் முக்கால்வாசிக் குழப்பத்தைத் தீர்க்கும். எழுத்துப்பிழை காட்டும் மென்பொருளை இங்கே நம்ப முடியாது. 'கங்கிராஜுலேஷன்', 'ஜாப்ஸ்', 'ஒர்க்ஸ்', 'ரெஸ்பெக்ட்ஸ்' எல்லாமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் சிவப்புக் கோடு விழாது. மாறாக, ஆங்கிலம் கற்போருக்கான ஆக்ஸ்ஃபோர்டு அகராதியோ கேம்பிரிட்ஜ் அகராதியோ உதவும். எண்ணக்கூடிய பெயரா, எண்ண முடியாததா, பன்மையில் மட்டும் வருவதா என்று ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே குறித்திருப்பார்கள். பொருளுக்குப் பொருள் குறிப்பு மாறும் என்பதால் முதல் வரியோடு நின்றுவிடாமல் உங்களுக்கு வேண்டிய பொருள் வரும்வரை படிக்க வேண்டும்.

## எப்போதும் பன்மை: வாழ்த்தைக் குறிக்கும் சொற்கள்

'கங்கிராஜுலேஷன்ஸ்', 'தேங்க்ஸ்', 'பெஸ்ட் விஷஸ்', 'மெனி ஹாப்பி ரிட்டர்ன்ஸ்' ஆகியவை இந்த வகை. ஒருவருக்கும் 'எஸ்' உண்டு, ஆயிரம் பேருக்கும் அதே 'எஸ்'தான். சுருக்கினாலும் அது போகாது: 'கங்கிராட்ஸ்' சரி, 'கங்கிராட்' என்று ஒன்று இல்லை.

வாக்கியத்தில் வினையும் பன்மையாகவே வரும். 'கங்கிராஜுலேஷன்ஸ் ஆர் இன் ஆர்டர்'. 'அவர் தேங்க்ஸ் கோ டு த பிரின்சிபல்'. இரண்டாவதை 'தேங்க்ஸ் கோஸ் டு' என்று படிப்பதை நன்றியுரைகளில் அடிக்கடி கேட்கலாம். நன்றி ஒன்றுதானே என்ற தமிழ் உணர்வு வினையை ஒருமையாக்கிவிடுகிறது. நிகழ்ச்சி நிரலில் அச்சாகும் 'வோட் ஆஃப் தேங்க்ஸ்' என்பதிலும் 'எஸ்' விழக்கூடாது.

ஒருமை வரும் இடங்களும் உண்டு. 'எ லெட்டர் ஆஃப் கங்கிராஜுலேஷன்' என்று சொல்லும்போது வாழ்த்துதல் என்ற செயல் பேசப்படுகிறது, அது சரி. இதே இடத்தில் 'கங்கிராஜுலேஷன்ஸ்' என்றும் இப்போது எழுதுகிறார்கள், அதுவும் ஏற்கத்தக்கதே. ஆனால் அட்டையின் உச்சியில், கேக்கின் மேல், குழுச் செய்தியில் தனித்து நிற்கும்போது 'எஸ்' கட்டாயம்.

'தேங்க்ஸ்' முன்னால் 'எ' வராது. 'எ பிக் தேங்க்ஸ்' என்பது பேச்சில் ஓடுகிறது. எழுத்தில் 'எ பிக் தேங்க் யூ' அல்லது 'மெனி தேங்க்ஸ்' என்று மாற்றிவிடுங்கள். 'தேங்க் யூ' என்பதில் 'தேங்க்' வினைச்சொல் என்பதால் அதற்கு 'எஸ்' கிடையாது. 'தேங்க்ஸ் யூ', 'தேங்க்ஸ் காட்' இரண்டும் பெயரையும் வினையையும் ஒட்டுப்போட்ட பிழைகள். 'தேங்க் காட்' என்பதே சரி.

பிறந்தநாள் வாழ்த்தில் 'ரிட்டர்ன்ஸ்' ஏன் பன்மை? அந்த நாள் பலமுறை திரும்பி வரட்டும் என்பது பொருள். 'மெனி' வந்த பிறகு 'ரிட்டர்ன்' என்று ஒருமையில் நிறுத்த வழியே இல்லை.

இந்த வகையில் மறைந்திருக்கும் சிக்கல், பின்னால் வரும் சொல்லில் இருக்கிறது. 'கங்கிராஜுலேஷன்ஸ் ஆன் யுவர்...' என்று தொடங்கிவிட்டு அடுத்த சொல் ஒருமையா பன்மையா என்று தடுமாறுவார்கள். அங்கே எண்ண வேண்டியது நிகழ்வுகளை. மணமக்கள் இருவர், திருமணம் ஒன்று. எனவே 'ஆன் யுவர் வெட்டிங்'. மூன்று பேருக்குத் தனித்தனியே பதவி உயர்வு என்றால் 'ஆன் தெயர் புரமோஷன்ஸ்'. ஓர் அணி ஒரு கோப்பையை வென்றால் 'ஆன் யுவர் விக்டரி'. பருவம் முழுக்கப் பல போட்டிகளை வென்றிருந்தால் 'விக்டரீஸ்'. 'சக்ஸஸ்' மட்டும் பெரும்பாலும் ஒருமையில் நிற்கும்: 'விஷ் யூ ஆல் சக்ஸஸ்'. இதில் 'சக்ஸஸஸ்' போட வேண்டாம்.

இன்னொன்று: 'கங்கிராஜுலேஷன்ஸ்' நடந்து முடிந்ததைப் பார்க்கிறது, 'பெஸ்ட் விஷஸ்' வரப்போவதைப் பார்க்கிறது. தேர்வில் தேறியவருக்கு முதலாவது, தேர்வு எழுதப் போகிறவருக்கு இரண்டாவது. ஓய்வு பெறுபவருக்கு இரண்டும் பொருந்தும்.

## எப்போதும் ஒருமை: வேலையைக் குறிக்கும் சொற்கள்

'குட் ஜாப்', 'கிரேட் ஒர்க்', 'ஹார்ட் ஒர்க்', 'பிரெய்ஸ்', 'அப்ளாஸ்', 'அப்ரிஷியேஷன்'. முந்தைய வகைக்கு நேர் எதிர். எத்தனை பேர் உழைத்திருந்தாலும் 'எஸ்' கிடையாது.

'குட் ஜாப்' என்பது 'யூ டிட் எ குட் ஜாப்' என்பதன் சுருக்கம். ஐம்பது பேர் சேர்ந்து செய்தாலும் செய்தது ஒரு வேலை. 'எவ்ரிஒன்' அல்லது 'டீம்' என்று விளித்துவிட்டால் பன்மை அங்கேயே வந்துவிடுகிறது: 'குட் ஜாப், எவ்ரிஒன்'. 'குட் ஜாப்ஸ்' என்று எழுதினால் நல்ல சம்பளமுள்ள வேலைவாய்ப்புகள் என்று பொருளாகிவிடும்.

'ஒர்க்' இதைவிடக் கவனம் கேட்கிறது. 'தேங்க் யூ ஃபார் யுவர் ஹார்ட் ஒர்க்ஸ்' என்ற வரி நம் அலுவலக மின்னஞ்சல்களில் மிக அதிகம். உழைப்பு என்ற பொருளில் 'ஒர்க்' எண்ண முடியாத பெயர். நாள் எத்தனை, ஆள் எத்தனை என்றாலும் 'ஹார்ட் ஒர்க்'தான். 'ஒர்க்ஸ்' என்றால் ஓவியரின் படைப்புகள், எழுத்தாளரின் நூல்கள், இல்லையென்றால் ஓர் ஆலை. 'குட் ஒர்க்ஸ்' என்றால் அறப்பணிகள். ஒரு சிற்பிக்குத் தரும் பட்டயத்தில் 'ஃபார் ஹிஸ் அவுட்ஸ்டாண்டிங் ஒர்க்ஸ்' என்பது அழகாகப் பொருந்தும். கணக்காளருக்குத் தரும் பட்டயத்தில் அதே வரி தவறான பொருள் தரும்.

'எஃபர்ட்' நடுவில் நிற்கிறது. 'தேங்க் யூ ஃபார் யுவர் எஃபர்ட்ஸ்' சரி, ஏனென்றால் முயற்சிகளை எண்ணலாம். 'எ லாட் ஆஃப் எஃபர்ட்' என்று அளவாகச் சொல்லும்போது ஒருமை. தனியாக 'குட் எஃபர்ட்' என்று சொல்வதில் ஓர் ஆபத்து இருக்கிறது. வெற்றிக்குச் சற்றுக் கீழே நின்றவரைத் தேற்றவும் அதைச் சொல்வார்கள். முதல் பரிசு வாங்கியவரிடம் சொன்னால் மனம் சுருங்கும்.

மேடையில் 'ஆன் அப்ளாஸ்' என்றோ 'அப்ளாஸஸ்' என்றோ சொல்ல முடியாது. கைதட்டலை எண்ண வேண்டுமானால் சுற்றுக்கணக்கில் எண்ண வேண்டும்: 'எ பிக் ரவுண்ட் ஆஃப் அப்ளாஸ்'. 'பிரெய்ஸ்' அப்படியே: 'மெனி பிரெய்ஸஸ்' வேண்டாம், 'எ லாட் ஆஃப் பிரெய்ஸ்' அல்லது 'ஹை பிரெய்ஸ்'. 'சிங் ஹிஸ் பிரெய்ஸஸ்' என்ற மரபுத்தொடரில் மட்டும் பன்மை உறைந்து கிடக்கிறது. அதைப் பார்த்து மற்ற இடங்களுக்கு நீட்டக்கூடாது. 'மை அப்ரிஷியேஷன்ஸ் டு த டீம்' என்று தொடங்கும் செய்திகளில் 'எஸ்'ஸை எடுத்துவிட்டால் போதும். எண்ணித்தான் ஆக வேண்டுமென்றால் 'எ டோக்கன் ஆஃப் அப்ரிஷியேஷன்'.

எல்லாக் குழப்பத்துக்கும் வெளியே நிற்கிறது 'வெல் டன்'. அதில் பெயர்ச்சொல்லே இல்லை. ஒருமையும் இல்லை, பன்மையும் இல்லை, 'இஸ்'ஸும் 'ஆர்'ரும் இல்லை. அவசரத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் நான் பரிந்துரைப்பது இதைத்தான். இதற்கும் ஒரு விலை உண்டு: மேலிருப்பவர் கீழிருப்பவரைத் தட்டிக்கொடுக்கும் தொனி சற்று ஒட்டியிருக்கும். தலைமை அதிகாரியின் உரைக்குப் பிறகு அவரிடமே 'வெல் டன்' என்பது பொருந்தாது; 'கங்கிராஜுலேஷன்ஸ் ஆன் எ வொண்டர்ஃபுல் ஸ்பீச்' என்பது மரியாதையாக இருக்கும்.

## பன்மை போலத் தோன்றும் ஒருமை: 'குடோஸ்'

'குடோஸ்' கிரேக்கச் சொல். புகழ் என்று பொருள். 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனின் பல்கலைக்கழகங்களில் மாணவர் கொச்சையாகப் புழங்கி, பிறகு பொதுவழக்குக்கு வந்தது. கடைசியில் உள்ள 'எஸ்' சொல்லோடு பிறந்தது, பன்மை விகுதி அன்று. பலரும் அதைப் பன்மை என்று எண்ணியதால், 20ஆம் நூற்றாண்டில் 'குடோ' என்று ஓர் ஒருமையே உருவாகிவிட்டது. ஆங்கிலத்துக்கு இது புதிதும் இல்லை. பட்டாணியைக் குறித்த 'பீஸ்' என்ற ஒருமையைப் பன்மை என்று எண்ணித்தான் 'பீ' என்ற இன்றைய சொல்லை உண்டாக்கினார்கள். 'செர்ரி' பிறந்த கதையும் அதுவே.

'குடோ'வை மெரியம்-வெப்ஸ்டர் அகராதி பதிவு செய்திருக்கிறது. அப்படியிருந்தும் நான் அதை எழுதச் சொல்ல மாட்டேன். கவனமாகப் படிக்கும் ஒருவர் கண்ணில் பட்டால் பிழையாகவே படும், உங்களுக்கு அதனால் கிடைக்கும் லாபமும் எதுவுமில்லை.

வினை விஷயத்தில் இரண்டு முகாம்கள். பழைய மரபு 'குடோஸ் இஸ் டியூ' என்கிறது. அமெரிக்க வழக்கில் 'குடோஸ் ஆர் டியூ' பரவலாகிவிட்டது. 'குடோஸ் டு த டீம்' என்று வினையே இல்லாமல் எழுதிவிட்டால் இரண்டு முகாமும் குறை சொல்ல முடியாது. 'மெனி குடோஸ்' என்பதையும் தவிர்க்கலாம். உச்சரிப்பு அமெரிக்காவில் 'கூடோஸ்' என்று நெடிலாகவும், பிரிட்டனில் 'க்யூடாஸ்' என்பதை ஒட்டியும் வரும்.

எங்கே பொருந்தும்? குழுச் செய்தியிலும் உள் மின்னஞ்சலிலும். சான்றிதழிலும் கல்வெட்டிலும் வேண்டாம். அங்கே அது இலேசான சொல்லாகிவிடும்.

## பாராட்டுகிறவரின் தொப்பி, கை, கட்டைவிரல்

இந்தத் தொடர்களில் எண்ணிக்கை பாராட்டுகிறவரின் பக்கத்தில் இருக்கிறது.

'ஹாட்ஸ் ஆஃப் டு ஹர்' என்பது எல்லோரும் தொப்பியைக் கழற்றுங்கள் என்ற அழைப்பு. அழைக்கப்படுவோர் பலர், எனவே தொப்பிகளும் பல. பாராட்டு பெறுகிறவர் ஒருவரே என்பதற்காக 'ஹாட் ஆஃப்' என்று குறைக்க முடியாது. 'ஐ டேக் மை ஹாட் ஆஃப் டு யூ' என்று நானாகச் சொல்லும்போது என் தலையில் இருப்பது ஒரு தொப்பி, ஆகவே ஒருமை.

கைதட்டல் கேட்கும்போது இரண்டு வழி. 'கிவ் ஹர் எ பிக் ஹேண்ட்' – ஒருமை. இங்கே 'ஹேண்ட்' என்பது கைதட்டலையே குறிக்கிறது. 'புட் யுவர் ஹேண்ட்ஸ் டுகெதர்' – பன்மை, ஏனென்றால் நிஜமாகவே இரண்டு கைகள் சேர வேண்டும். இரண்டையும் கலந்து 'கிவ் ஹர் பிக் ஹேண்ட்ஸ்' என்றால் பெரிய கைகளைக் கொடுங்கள் என்றாகிவிடும். தொகுப்பாளர்கள் ஒத்திகையிலேயே இரண்டில் ஒன்றை நாக்குக்குப் பழக்கிவிடுவது நல்லது.

'தம்ஸ் அப்' ஒரு விரலைக் காட்டினாலும் 'எஸ்'ஸோடுதான் வரும்: 'ஷி கேவ் இட் எ தம்ஸ்-அப்'. எழுதும்போது 'தம்' என்பதன் கடைசியில் ஒலிக்காத 'பி' எழுத்து உண்டு. 1977இல் இந்தியாவில் வந்த 'தம்ஸ் அப்' குளிர்பானத்தின் பெயரில் அந்த 'பி' இல்லை. அதைப் பார்த்துப் பழகிய கை, தொடரிலும் அதை விட்டுவிடும். 'த்ரீ சியர்ஸ்', 'ஃபுல் மார்க்ஸ் டு ஹர்' இரண்டும் பன்மையில் உறைந்தவை.

'பிராவோ' வேறு கணக்கு. இத்தாலியத்தில் ஒரு ஆணுக்கு 'பிராவோ', ஒரு பெண்ணுக்கு 'பிராவா', பலருக்கு 'பிராவி' என்று மாறும்; ஆப்பரா அரங்குகளில் இன்றும் அந்த வேறுபாட்டைக் காப்பவர்கள் உண்டு. ஆங்கிலத்தில் பேசும்போது எல்லோருக்கும் 'பிராவோ' போதும்.

## 'எஸ்' வந்தால் பொருளே மாறும் சொற்கள்

பிழையின் விலை அதிகம் இங்கேதான். மற்ற வகைகளில் தவறினால் ஆங்கிலம் சரியில்லை என்பார்கள். இங்கே தவறினால் வேறொன்றைச் சொன்னதாக ஆகிவிடும்.

| சொல் | ஒருமையில் | பன்மையில் |
|---|---|---|
| ரிகார்ட் | உயர்ந்த மதிப்பு: 'வி ஹேவ் ஹை ரிகார்ட் ஃபார் ஹர்' | கடித முடிவில் வணக்கம்: 'பெஸ்ட் ரிகார்ட்ஸ்' |
| ரெஸ்பெக்ட் | மரியாதை | நேரில் சென்று செலுத்தும் மரியாதை, பல நேரம் மறைந்தவருக்கு |
| காம்ப்ளிமென்ட் | ஒரு பாராட்டு வார்த்தை | முறையான வாழ்த்து, அன்பளிப்புக் குறிப்பு |
| கிரெடிட் | பெருமையில் பங்கு | திரைப்படத்தின் பெயர்ப் பட்டியல், படிப்பின் மதிப்பலகுகள் |
| ஸ்பிரிட் | ஊக்கம்: 'தட்ஸ் த ஸ்பிரிட்' | மனநிலை ('இன் குட் ஸ்பிரிட்ஸ்'), மதுவகைகள் |
| ஹானர் | கௌரவம் | விருதுகள், பட்டப்படிப்பில் தனிச்சிறப்பு |

'ரெஸ்பெக்ட்ஸ்' பற்றித் தனியே சொல்ல வேண்டும். 'பே மை ரெஸ்பெக்ட்ஸ்' என்று உயிரோடு இருப்பவரை மரியாதைக்காகச் சந்திப்பதையும் சொல்லலாம். ஆனால் 'லாஸ்ட் ரெஸ்பெக்ட்ஸ்' என்பது இறுதி அஞ்சலி மட்டுமே. ஓய்வு பெறும் ஆசிரியரின் கடைசி நாள் என்பதற்காகப் பிரிவுபசாரப் பதாகையில் இந்தத் தொடரை எழுதினால் அவர் வீட்டார் எப்படித் துடித்துப்போவார்கள்! அங்கே 'வித் டீப் ரெஸ்பெக்ட்' என்று ஒருமையில் நிறுத்துங்கள்.

'வித் பெஸ்ட் காம்ப்ளிமென்ட்ஸ் ஃப்ரம்' என்ற வரியைக் கோயில் விழா மலர்களிலும் பள்ளி ஆண்டு மலர்களிலும் கடை விளம்பரங்களுக்கு மேல் பார்த்தே வளர்ந்தோம். அங்கே பன்மை சரி. ஒருவர் உங்களைப் புகழ்ந்ததை 'எ காம்ப்ளிமென்ட்' என்று ஒருமையில் சொல்ல வேண்டும்: 'ஐ டேக் இட் அஸ் எ காம்ப்ளிமென்ட்'. சமையலைப் பாராட்டும்போது மறுபடி பன்மை: 'மை காம்ப்ளிமென்ட்ஸ் டு த ஷெஃப்'. இந்தச் சொல்லின் நடுவில் 'ஐ' என்ற ஆங்கில எழுத்து வர வேண்டிய இடத்தில் 'ஈ' என்ற ஆங்கில எழுத்து வந்தால் நிறைவு செய்வது, இட்டு நிரப்புவது என்ற பொருளுள்ள வேறு சொல்லாகிவிடும். ஒலிப்பில் வேறுபாடே தெரியாது, மென்பொருளும் பல நேரம் காட்டித் தராது. அச்சுக்குப் போகுமுன் அந்த ஓர் எழுத்தைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

'ஃபெலிசிடேஷன்' நம் நாட்டு ஆங்கிலத்தில் பாராட்டு விழாவைக் குறிக்கிறது: 'ஃபெலிசிடேஷன் ஃபங்ஷன்'. அந்தத் தொடரில் ஒருமை. வாழ்த்தாகச் சொல்லும்போது 'ஃபெலிசிடேஷன்ஸ்'. வெளிநாட்டு விருந்தினருக்கான அழைப்பிதழில் விழாவை அந்தப் பெயரில் குறிப்பதைவிட யாரை எதற்காகக் கௌரவிக்கிறோம் என்று விரித்து எழுதினால் சட்டென்று புரியும்.

## ஆட்களை எண்ண வேண்டிய ஒரே இடம்

ஆளையே ஒரு பெயரால் புகழும்போது மட்டும் எண்ண வேண்டும். ஒருவரிடம் 'யூ ஆர் எ ஸ்டார்'. பலரிடம் 'யூ ஆர் ஸ்டார்ஸ்'. 'யூ' இரண்டுக்கும் பொது என்பதால் எண்ணிக்கையைக் காட்டும் பொறுப்பு முழுவதும் பெயரின் தலையில் விழுகிறது. 'யூ ஆல் ஆர் எ சாம்பியன்' என்பது அதனால்தான் இடறுகிறது. 'ஆன் இன்ஸ்பிரேஷன்', 'எ கிரெடிட் டு த ஸ்கூல்', 'த பிரைட் ஆஃப் த வில்லேஜ்' போன்றவை ஆளைக் குறிப்பது போலத் தோன்றினாலும் பண்பைக் குறிக்கின்றன. அவை பலருக்கும் ஒருமையில் நிற்கலாம். 'யூ ஆர் த பெஸ்ட்' ஒருவருக்கும் பலருக்கும் அப்படியே செல்லும்.

இந்தப் பகுதியின் பெரும்பிழை வேறு. 'ஷி இஸ் ஒன் ஆஃப் த பெஸ்ட் டீச்சர்'. பாராட்டுரைகளில் இதைவிட அதிகமாக வரும் ஒருமைப் பிழை வேறொன்று இருக்கும் என்று தோன்றவில்லை. 'ஒன்' என்று தொடங்கியதுமே மனம் ஒருமைக்குப் போய்விடுகிறது. இதற்கு நம் மொழியிலேயே மருந்து இருக்கிறது. வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'சிறந்த ஆசிரியர்களில் ஒருவர்'. அந்தக் 'களில்' வருகிற இடத்தில் ஆங்கிலத்தில் 'எஸ்' வர வேண்டும்: 'ஒன் ஆஃப் த பெஸ்ட் டீச்சர்ஸ்'. 'ஒருவர்' என்பதைப் பார்த்து வினையை ஒருமையாக்க வேண்டும்: 'ஒன் ஆஃப் அவர் பெஸ்ட் டீச்சர்ஸ் இஸ் ரிடயரிங்'. ஆங்கிலம் 'ஒன்'னை முன்னால் வைக்கிறது, தமிழ் 'ஒருவ'ரைப் பின்னால் வைக்கிறது. கணக்கு இரண்டிலும் ஒன்றுதான்.

இதற்கு மேல் 'ஹூ' சேர்த்து நீட்டினால் சிக்கல் கூடும். 'ஒன் ஆஃப் தோஸ் டீச்சர்ஸ் ஹூ இன்ஸ்பயர்' என்று பன்மை வினை வைப்பது இலக்கண மரபு; 'இன்ஸ்பயர்ஸ்' என்று ஒருமையில் எழுதுவோரும் நிறைய. சான்றிதழில் இந்தச் சண்டை எதற்கு? 'ஷி இஸ் அமங் அவர் ஃபைனஸ்ட் டீச்சர்ஸ்' என்று எழுதிவிட்டால் பிரச்சினையே எழாது. 'ஒன் ஆஃப் எ கைண்ட்' மட்டும் வேறு: தனித்துவமானவர் என்று பொருள், 'கைண்ட்' ஒருமையிலேயே நிற்கும். 'ஒன் ஆஃப் த கைண்ட்', 'ஒன் ஆஃப் கைண்ட்ஸ்' என்று மாற்றக்கூடாது.

மேடையில் எல்லோரையும் சேர்த்துப் பேசும்போது வினையைக் கவனியுங்கள். 'எவ்ரிஒன் ஹேஸ்', 'ஈச் ஆஃப் யூ ஹேஸ்' – ஒருமை. 'ஆல் ஆஃப் யூ ஹேவ்', 'போத் ஆஃப் யூ ஹேவ்' – பன்மை. 'த டீம் ஹேஸ் டன் வெல்' என்பது அமெரிக்க வழக்கு. 'த டீம் ஹேவ்' பிரிட்டனில் கேட்கும். கிரிக்கெட் செய்திகளில் ஒரு நாட்டின் பெயருக்குப் பன்மை வினை வருவது அந்த வழிதான். எதை எடுத்தாலும் ஓர் உரைக்குள் மாற்றாதீர்கள்.

## எந்த இடத்துக்கு எது

கைபேசிச் செய்திக்கு 'கங்கிராட்ஸ்', 'வெல் டன்', 'குடோஸ் டு', 'ஹாட்ஸ் ஆஃப்' எதுவும் ஆகும். வினை இல்லாத தொடர்களாகப் பார்த்து எடுத்தால் பிழைக்கான வாய்ப்பு பாதியாகக் குறையும்.

மேடைக்கு 'எ பிக் ரவுண்ட் ஆஃப் அப்ளாஸ்' நல்ல தேர்வு. கடைசி ஒலி தெளிவாக விழும், கூட்டத்துக்கும் எப்போது கைதட்ட வேண்டும் என்று புரியும்.

மின்னஞ்சலில் தலைப்பு வரியிலும் முதல் வரியிலும் ஒரே வடிவம் வேண்டும். தலைப்பில் 'கங்கிராஜுலேஷன்', உள்ளே 'கங்கிராஜுலேஷன்ஸ்' என்று இரண்டும் வருவது சாதாரணமாக நடக்கிறது. தலைப்பை யாரும் திரும்பப் படிப்பதில்லை என்பதே காரணம்.

சான்றிதழுக்கும் பட்டயத்துக்கும் 'இன் அப்ரிஷியேஷன் ஆஃப்', 'இன் ரெகக்னிஷன் ஆஃப்' இரண்டும் மிகப் பாதுகாப்பானவை. தொடக்கச் சொல் ஒருமையில் உறைந்தது. தொடர்ந்து வரும் 'சர்வீஸ்', 'டெடிகேஷன்', 'ஹார்ட் ஒர்க்' ஆகியவையும் ஒருமையில்தான் வரும். இருபது ஆண்டுகள் பணியாற்றியவருக்கும் 'ட்வென்ட்டி இயர்ஸ் ஆஃப் சர்வீஸ்'. இதில் 'இயர்ஸ்' பன்மை, 'சர்வீஸ்' ஒருமை. 'ட்வென்ட்டி இயர் சர்வீஸ்' என்று நம் 'இருபது வருஷம்' வழக்கு அப்படியே இறங்கிவிடும் இடம் இது. அச்சகத்துக்கு அனுப்புமுன், சொற்களின் கடைசி எழுத்தை மட்டும் வரிக்கு வரி விரல் வைத்துப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு 'எஸ்'ஸுக்கும் மேலே சொன்ன முதல் கேள்வியைக் கேளுங்கள்.

ஏற்கெனவே தவறாகப் போய்விட்டதா? வாட்ஸ்அப்பில் அனுப்பிய 15 நிமிடங்களுக்குள் செய்தியைத் திருத்தலாம். மின்னஞ்சலுக்குத் திருத்தம் அனுப்பி எல்லோர் கவனத்தையும் பிழைக்கே இழுக்க வேண்டாம். அடுத்த மடலில் சரியாக எழுதினால் போதும். பிளெக்ஸ் பதாகையில் 'எஸ்' விடுபட்டிருந்தால், அதே எழுத்துருவில், அதே நிறத்தில் ஓர் ஒட்டெழுத்து வெட்டி வாங்கிச் சேர்க்கலாம். கூடுதலாக இருந்தால் பின்னணி நிறத்தில் துண்டு ஒட்டி மறைக்கலாம். சொல் பதாகையின் நடுவில் அமைந்திருந்தால் ஒரு பக்கம் இடைவெளி கூடித் தெரியும், பொறுத்துக்கொள்ளலாம். பட்டயத்தில் பொறித்துவிட்டார்கள் என்றால் பெயர்த்தகட்டை மட்டும் மாற்றித் தரச் சொல்லுங்கள். பெறுகிறவர் அதை வருஷக்கணக்கில் கூடத்தில் மாட்டி வைத்திருக்கப் போகிறார்.